மாக்கிரட் வீட்டுக்கு வந்த ஒல்லாந்தர்

மாக்கிரட்டுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் இருந்த உறவு, ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியில் குடியிருப்பவர்களுக்கு இடையில் இருக்குமே, அந்த உறவு. படிக்கட்டில் கண்டால் ஒரு சிரிப்பு, ஒரு "போன்ஜூர்", பனி கொட்டினால் ஒரு தலையாட்டல். அதற்கு மேல் உள்ளே கூப்பிட்டு இருத்திக் கதைத்தது கிடையாது. மன்னார்ப் பேசாலையில் பிறந்தவள் மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அத்தனை காலத்தையும் "மெர்சி"யையும் புன்னகையையும் வைத்தே ஓட்டியிருக்கிறாள் என்றால் அது ஒரு திறமைதான், யாரும் சிரிக்க வேண்டாம்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கார்தெரியில், அதாவது பள்ளிக்கூட வயது வராத குஞ்சுகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அவளுக்குக் குசினி வேலை. கரட் அவிப்பதும் மக்ரோனி வடிப்பதும் அவளுக்கு இடது கையால் செய்கிற காரியம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டியை வைத்துவிட்டுப் போய் எட்டிப் பார்ப்பாள். அவளுடைய ஆசை அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போவது. நிர்வாகி அம்மா நல்லவள். "பிரெஞ்சுச் சோதனை பாஸ் பண்ணு மார்கிரீத், பிள்ளைகளோடு உனக்கு இடம் தருகிறேன்" என்று சொல்லியிருந்தாள். எழுத்துச் சோதனை ஒன்று, வாய்ச் சோதனை ஒன்று. மாக்கிரட் எழுத்துச் சோதனையிலேயே இரண்டு தரம் விழுந்தாள். இரண்டாம் தரம் விழுந்த அன்று கார்தெரியில் வடித்த மக்ரோனி களியாய்ப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் அந்த மனிதர் அவளுடைய வாழ்க்கைக்குள் வந்தார்.

அஹுன்ட்சிக் பக்கத்தில் ஒரு பழைய பிரெஞ்சுக் கோயிலை மூடப்போகிறார்கள், அடித்தளத்தில் சாமான்கள் மலிவாகப் போகின்றன என்று கீழ்வீட்டுப் பிரியந்தி செய்தி கொண்டுவந்தாள். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். பிரியந்தி பீங்கான் கோப்பைகள் பக்கம் போய்விட்டாள். மாக்கிரட் படங்கள் சாத்தி வைத்திருந்த சுவர்ப் பக்கம் போனாள். திரு இருதயப் படத்துக்கும் அன்னம்மாள் படத்துக்கும் நடுவில், பொன் நிறச் சட்டத்துக்குள், கறுப்பு உடுப்போடு ஒருவர் நின்றார். கழுத்தைச் சுற்றி வட்டமாய், அடுக்கடுக்காய் மடித்த வெள்ளைத் துணி. ஒரு கை நெஞ்சில், மறு கை ஒரு தடித்த புத்தகத்தின் மேல். முகத்தில் உலகத்துப் பாவம் முழுவதையும் கணக்கெடுத்து முடித்த சோகம். கோயிலில் விற்கிறார்கள், கையில் வேதப்புத்தகம், கண்ணில் தவம். இவரைப் புனிதர் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பது?

எந்தப் புனிதர் என்பதுதான் தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிரெஞ்சில் கேட்க வேண்டும். மாக்கிரட் புன்னகைத்தாள், "மெர்சி" என்றாள், படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆராய்ந்தார்கள்.

"பிலிப்பு நேரியாராய் இருக்குமோ அக்கா?" என்றாள் பிரியந்தி.

"அவர் சிரிச்ச முகமெல்லே. இவரைப் பார், சிரிப்பை ஆரோ களவெடுத்துக்கொண்டு போன மாதிரி." மாக்கிரட் யோசித்தாள். "தாடி இருக்கு, புத்தகம் இருக்கு. இவர் சலேசியார். பிராஞ்சிஸ்கு சலேசியார். எழுதுறவைக்குப் பாதுகாவலர்."

சொன்னவுடனே அவளுக்கே மெய் சிலிர்த்தது. சலேசியார் பிரெஞ்சு பேசிய புனிதர். பிரெஞ்சு எழுத முடியாமல் தவிக்கிறவளின் மடியில் அவர் தாமாக வந்து இருக்கிறார் என்றால் இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? அந்த இடத்திலேயே, பஸ் கிரெமாஸி வீதியில் திரும்புகிறபோது, மாக்கிரட் நேர்த்தி வைத்தாள். எழுத்துச் சோதனை பாஸ் பண்ணித் தந்தீரென்றால், ஐப்பசிச் செபமாலைக்கு உம்மை எங்கள் வீட்டுப் பீடத்தில் வைத்து, பாதரைக் கொண்டு மந்திரித்து, வந்த சனம் முழுவதுக்கும் சாப்பாடு கொடுப்பேன்.

வீட்டில் வரவேற்பு அவ்வளவு பக்தியாக இருக்கவில்லை. புருசன் அருமைநாதன் பாண் பேக்கரியொன்றில் வாகனம் ஓட்டுகிறவர். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியவர் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"இதார், வாடகை கேட்டு வந்தவனே?"

"வாயைக் கழுவுங்கோ. சலேசியார்."

மகள் மெலனி அப்போது யூனிவர்சிட்டியில் முதல் வருடம். அவள் கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தாள். "அம்மா, கழுத்திலை ஏன் இடியப்பம் அடுக்கி வைச்சிருக்கிறார்?"

உண்மையைச் சொன்னால் அது அப்படியே இடியப்பம்தான். தட்டிலிருந்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி, நடுவில் ஒரு தலையைக் குத்தி வைத்தது போல இருந்தது. மாக்கிரட் இருவரையும் முறைத்துவிட்டு, பிறிட்ஜுக்கு எதிரே சுவரில் படத்தை மாட்டி, முன்னால் ஒரு மெழுகுதிரி வைத்தாள். அன்றிலிருந்து அருமைநாதனுக்குப் பெரிய இடைஞ்சல். ஆசையாய் எதையாவது எடுக்கப் பிறிட்ஜைத் திறந்தால் முதுகில் அந்தக் கண்கள் படும். சீனி வருத்தக்காரரான அவர் ஒருநாள் கேக் துண்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்ததாக மெலனி சொல்லிச் சிரித்தாள்.

மாக்கிரட் படித்தாள். வேலையால் வந்து, மெழுகுதிரியைக் கொளுத்தி, படத்துக்கு முன்னால் கொப்பியை விரித்து, மெலனி சொல்லச் சொல்ல எழுதினாள். பிழை விட்டால் முதலில் படத்தைப் பார்ப்பாள், பிறகு அழிப்பாள். மெட்ரோவில் எழுதினாள், மக்ரோனி வேகும் இடைவெளியில் எழுதினாள். கோடை முழுக்க அந்த வீட்டில் தொலைக்காட்சி ஊமையாகத்தான் ஓடியது.

பாஸ்.

முடிவு வந்த அன்று அவள் போட்ட கூக்குரலில் கீழ்வீட்டிலிருந்து பிரியந்தி மேலே ஓடி வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், பிறகு படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார்கள். மாக்கிரட் போனை எடுத்தவள் வைக்கவில்லை. புரோசார்ட்டில் இருக்கும் மச்சாளிலிருந்து பங்கின் பாடகர் குழுவரை எல்லோருக்கும் சேதி போயிற்று. சலேசியாருக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். பிரியந்தி தன் தாயின் விசாவுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள், விசா வந்தது. பாடகர் குழு றெனோல்ட் தன்னுடைய முழங்கால் நோவுக்கு ஒரு மாலை கொண்டுவந்து போட்டார், நோவு குறைந்தது என்று அவரே சொன்னார். இனி இருந்தது வாய்ச் சோதனை. செவ்வாய்க்கிழமை என்று தேதி வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் மாக்கிரட் வீட்டுச் செபமாலை. நேர்த்தியும் தீரும், செவ்வாய்க்கிழமை காரியமும் நடக்கும். எல்லாம் சலேசியாரின் ஏற்பாடு என்று அவள் உறுதியாக நம்பினாள்.

சனிக்கிழமை பின்னேரம் அந்த வளைந்த வெளிப் படிக்கட்டில் சனம் ஏறிக்கொண்டே இருந்தது. வாசலில் சப்பாத்துக் குவியல். குசினியில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். ஹோலில் வெள்ளைத் துணி விரித்த பீடம், நடுவில் வீடு வீடாக வருகிற மாதா சுரூபம், பக்கத்தில் மாலையும் கலர் பல்புமாக நம்முடைய கறுப்புச் சட்டைக்காரர். பாதர் இன்னும் வந்து சேரவில்லை. வாகனம் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று போன் வந்தது.

கடைசியாக ஏறி வந்தவர் பத்திநாதர் மாஸ்ரர். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவர். பீடத்துக்கு முன்னால் வந்து சிலுவை போட்டார். கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"மாக்கிரட், இவனை ஏன் பிள்ளை இங்கை வைச்சிருக்கிறாய்?"

"மாஸ்ரர், அது சலேசியாரெல்லே."

"சலேசியார் ஆயர். ஆயர் உடுப்போடைதான் கீறுவினம். இது வியாபாரி. இந்தக் கழுத்துத் துணியும் இந்தக் கறுப்பும்... பிள்ளை, இவன் ஒல்லாந்தன்."

மெலனி ஏற்கனவே போனைப் படத்துக்கு நேரே பிடித்துவிட்டாள். படத்தைக் காட்டினால் இன்னாரென்று சொல்கிற வசதி இப்போது எல்லோருடைய கையிலும் இருக்கிறதே. வாசித்துவிட்டு அவள் உதட்டைக் கடித்தாள்.

"அம்மா, மாஸ்ரர் சொல்லுறது சரி. டச்சு வியாபாரி ஒருத்தர், பதினேழாம் நூற்றாண்டு. பேர் தெரியாதாம். இது அந்தப் படத்தின்ர கொப்பி."

"பதினேழாம் நூற்றாண்டு," என்று மாஸ்ரர் பிடித்துக்கொண்டார். வகுப்பறை கிடைக்காமல் வருடக்கணக்காய் அடக்கி வைத்திருந்த பாடம் ஒரேயடியாகக் கிளம்பியது. "எங்கட நாட்டைப் பிடிச்சு எங்கட கோயிலுகளைப் பூட்டினது ஆர்? குருமாரைத் துரத்தினது ஆர்? மாந்தையிலையிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு எங்கட சனம் மடுக் காட்டுக்கை ஓடினது ஆருக்குப் பயந்து? எங்களுக்குப் பூசை வைக்க வாஸ் முனிவர் பிச்சைக்காரன் மாதிரி வந்து இறங்கினது ஆருக்கு ஒளிச்சு? உண்மையான சலேசியார் இவன்ர புரட்டஸ்தாந்து மதக்காரரோடை வாதாடிக்கொண்டு திரிஞ்சவர். நீ ரெண்டு பேரையும் ஒண்டாக்கிப்போட்டாய்."

மன்னாரில் பிறந்த பிள்ளைக்கு மடு மாதாவின் கதையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாக்கிரட்டுக்குக் காது இரண்டும் சூடேறியது. மாதாவைக் காட்டுக்குள் ஓட விட்டவர்களின் ஆளுக்கு, மாதாவுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு, மாலையும் போட்டு, கோடை முழுக்க மெழுகுதிரியும் கொளுத்தியிருக்கிறாள்.

ஹோல் கலவரப்பட்டது. றெனோல்ட் ஒரே எட்டில் போய்த் தன்னுடைய மாலையைக் கழற்றினார், கழற்றும்போது முழங்கால் நோவு திரும்பி வந்ததாகவும் அறிவித்தார். படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வை என்றது ஒரு கட்சி. மனுசன் செத்து எத்தனையோ காலம், அவரில் என்ன கோபம் என்றது இன்னொரு கட்சி. பிரியந்தியின் கவலை வேறு.

"அப்ப எங்கட அம்மான்ர விசாவை ஆர் தந்தது?"

"கனடா," என்றார் அருமைநாதன்.

சிரிப்பு வெடித்த அந்த நேரம் பார்த்துப் பாதர் உள்ளே வந்தார். கதையைக் கேட்டார், படத்தைப் பார்த்தார், மறுபடி கதையைக் கேட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். படத்தை மந்திரிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் சனத்துக்குக் கொடுக்க நேர்ந்த சாப்பாடு சனத்துக்குத்தான், அதை இப்போதே மந்திரிக்கிறேன் என்று குசினிக்குப் போய் இறைச்சிச் சட்டியையே மந்திரித்தார்.

"இவரை என்ன செய்யிறது பாதர்?" என்று றெனோல்ட் கேட்டார்.

பாதர் வாய் திறக்க முந்தி அருமைநாதன் படத்தைப் பீடத்திலிருந்து இறக்கி, சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தினார். "செபமாலை சொல்லக்கூடாதெண்டு சட்டம் போட்ட கூட்டம். இண்டைக்கு இருந்து முழுசாக் கேக்கட்டும்."

அன்றைய செபமாலையைப் போல ஒரு செபமாலை அந்தப் பங்கில் நடந்தது கிடையாது. "அருள் நிறைந்த மரியே" என்று ஹோல் அதிர்ந்தது. பத்திநாதர் மாஸ்ரர் ஒவ்வொரு மணிக்கும் கதிரைப் பக்கம் திரும்பித் திரும்பிச் சொன்னார். கறுப்புச் சட்டைக்காரர் நெஞ்சில் கை வைத்தபடி, தப்பி ஓட வழியில்லாமல், கடைசி மன்றாட்டு வரைக்கும் இருந்தார். சனம் வயிறு நிறையத் தின்று, கதையைக் கட்டிக்கொண்டு போயிற்று.

சிரிக்காத ஆள் மாக்கிரட் மட்டும்தான்.

சட்டிகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் செவ்வாய்க்கிழமை போகேல்லை."

அருமைநாதன் துவாயால் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றார். "ஏன்?"

"எழுத்துச் சோதனையிலை நான் பாஸ் பண்ணினதே ஏதும் பிழையாத்தான் இருக்கும். வேறை ஆரின்ரையோ பேப்பரை மாறித் திருத்தியிருப்பினம். எனக்குத் துணை இருக்கு எண்டுதான் நான் எழுதினனான். இப்ப ஆர் இருக்கினம்?"

"இஞ்சேரும், அவன் பிரெஞ்சுக்காரனும் இல்லை. பிரெஞ்சு அவனுக்குத் தெரியுமோ தெரியாது. அவன் எப்பிடி உமக்குச் சொல்லித் தந்திருப்பான்?"

இது ஆறுதல் என்று அவர் நினைத்துத்தான் சொன்னார். மாக்கிரட் சட்டியைத் தொட்டிக்குள் போட்ட சத்தத்தில் அவர் துவாயை வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபோது கதை இவளுக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "என்ன மாக்கிரட், ஒல்லாந்தர் சுகமோ?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திங்கட்கிழமை புரோசார்ட் மச்சாள் போன் எடுத்து மூச்சுவிடாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க மாக்கிரட்டுக்குள் பயம் இருந்த இடத்தில் கோபம் ஏறியது. செவ்வாய்க்கிழமை போகாமல் விட்டால் இதே சனம் என்ன சொல்லும்? ஒல்லாந்தன் கைவிட்டதோடு மாக்கிரட்டின் பிரெஞ்சும் போய்விட்டது என்று சொல்லும். அந்தக் கதை தான் செத்த பிறகும் மொன்றியலில் உலாவும். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தலையை இழுத்து வாரிக்கொண்டு மெட்ரோ ஏறினாள். படத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

சோதனை நடந்தது நகர மையத்தில் ஒரு சின்ன அறையில். நரைத்த கட்டை மயிரோடு ஒரு பெண்மணி, நடுவில் மேசை, பதிவு செய்கிற கருவி. பெயர், வேலை, வீடு என்று கேட்டவற்றுக்கெல்லாம் மாக்கிரட் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். பிறகு அந்தப் பெண்மணி, "அண்மையில் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்றாள்.

இதற்கு ஆயத்தம் இருந்தது. பூங்காவுக்குச் சுற்றுலா போன கதை ஒன்றை மெலனி எழுதிக் கொடுத்து, மாக்கிரட் பாடமாக்கியிருந்தாள். அந்தப் பூங்கா, அந்த வெயில், அந்தச் சாண்ட்விச் எல்லாம் ஒரேயடியாக மறைந்துபோயின. தலைக்குள் எங்கே தேடினாலும் ஒரேயொரு ஆள்தான் நின்றார், கழுத்தில் இடியப்பத்தோடு.

"நான்," என்று தொடங்கினாள் மாக்கிரட், "ஒரு கோயிலில், ஒரு மனிதனை வாங்கினேன்."

பெண்மணி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"படம். மனிதனுடைய படம். பழைய மனிதன். கறுப்பு உடுப்பு. இங்கே..." கழுத்துத் துணிக்குப் பிரெஞ்சில் என்ன சொல்? அவள் கையால் கழுத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். "எங்கள் சாப்பாடு ஒன்று இருக்கிறது. அரிசி மா, ஆவியில் அவிப்பது, நூல் நூலாக இருக்கும். அவன் அதைக் கழுத்தில் போட்டிருக்கிறான்."

பெண்மணியின் வாயோரம் துடித்தது. மாக்கிரட் அதைக் கண்டுவிட்டாள். ஒரு ஆள் சிரிக்கப்போகிறது என்று தெரிந்தால் பேசாலைக்காரியை நிறுத்த முடியுமா? புனிதர் என்று நினைத்ததைச் சொன்னாள். "நேர்த்தி"க்குச் சொல் கிடைக்காமல் "கடவுளின் நண்பருக்கு நான் சத்தியம் செய்தேன்" என்றாள். புருசன் கேக்கைத் திருப்பி வைத்தது, விசா, முழங்கால் நோவு, எல்லாம் வந்தன. வினைச்சொற்கள் முன்னும் பின்னுமாய் விழுந்தன, ஆனால் விழுந்தவை எழும்பி ஓடின. பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மாக்கிரட் மெதுவாக, "இந்த மனிதனின் ஆட்கள் முன்பு என்னுடைய நாட்டுக்கு வந்தார்கள். கோயில் இல்லை என்றார்கள். செபம் இல்லை என்றார்கள். எங்கள் ஆட்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். நான் அவனுக்கு மெழுகுதிரி கொடுத்தேன்" என்றபோது அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து கேட்டாள். சப்பாத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு முழுச் செபமாலையும் கேட்க வைத்த இடம் வந்ததும் இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

பிரெஞ்சில் ஒரு ஆளைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்பது மாக்கிரட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்படியென்றால் மடாம், ஒரு கேள்வி. அவர் புனிதர் இல்லை. உங்கள் எழுத்துச் சோதனையில் உங்களுக்கு யார் உதவினார்கள்?"

மாக்கிரட் மனதுக்குள் ஒவ்வொருவராய் எண்ணிப் பார்த்தாள். சலேசியார் இல்லை. ஒல்லாந்தன் இல்லை. மெட்ரோவில் எழுதியது யார், மக்ரோனி வேகும் நேரத்தில் எழுதியது யார், அழித்து அழித்து எழுதியது யார்? ஆனாலும் அவள் மன்னார்க்காரி, ஒரேயடியாக எல்லாவற்றையும் தன்னுடையது என்று சொல்லிவிட முடியாது.

"மாதா, கொஞ்சம்," என்றாள் பிரெஞ்சில். "மிச்சம், நான்."